சம்பங்கி ஏரியும் நம் கடமையும்

பேராறு எதுவும் பாயாத பெங்களூரை முன்னாளில் வாழவைத்தவை ஏரிகளே. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. ஏரிகளைப் பேணும் வழக்கம் தளர்ந்தது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. அவ்வேரி நீரால் தோட்டம் வளர்த்தோர், தமிழோடு தொடர்புடைய திகளர் மரபினர். அவர்தம் கரகத் திருவிழாவின் பொருட்டே அங்கு ஒரு சிறு குளம் எஞ்சியுள்ளது. மக்கள் உறவு அறாத நீர்நிலை முற்றும் அழிவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

சர்ஜாபூர் சாலையில் வறண்டு கிடந்த கைகொண்டரஹள்ளி ஏரியை, 2009இல் தொடங்கிய சீரமைப்பில் மாநகராட்சியும் அக்கம்பக்கத்து மக்களும் இணைந்து மீட்டனர். நீரும் பறவைகளும் திரும்பின. வாழ வந்த ஊரைச் சொந்த ஊராக்குவது இத்தகைய தொண்டே. நம் பிள்ளைகளை அருகிலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். அதன் பெயரையும் வரலாற்றையும் அறியச் செய்வோம்.