ஆவணத்தில் இல்லாத மூன்றாமவர்

நெல்லிக்குப்பத்தை அடுத்து, கடலூர் – பண்ருட்டிச் சாலையிலிருந்து சற்று உள்ளே, 1994இல் என் தந்தையார் ஒரு மனை வாங்கினார். அதன் கிரயப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. விற்றவர், வாங்கியவர், நான்கெல்லை, பத்திரம் எழுதியவர், சாட்சிகள் இருவர். மனையைக் காட்டி, விலை பேசி, "பஞ்சாயத்து அப்ரூவல் ஆகிவிட்டது" என்று உறுதி சொன்ன தரகர் எங்கே என்று தேடினால், இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறார். வரைபடத்தில் கண்ட முப்பதடிச் சாலை தரைக்கு வரவேயில்லை. தந்தையார் கேட்கப் போனபோது, "நான் சாட்சி மட்டும்தானே ஐயா" என்றாராம். சட்டத்தின் கண்ணில் அது பிழையற்ற விடை. சாட்சியின் பொறுப்பு கையெழுத்தோடு முடிகிறது.

தரகரின் இந்த மறைவு நேற்று வந்ததன்று. சோழர்கால நிலவிற்பனைக் கல்வெட்டுகளைப் படிப்பவர் அவற்றின் கண்டிப்பில் வியப்பர். எல்லைகள் திசைவாரியாக வரும். அளவில் கூடினும் குறையினும் விற்பனையுள் அடங்கும் என்ற உறுதி வரும். பொருள் முழுதும் பெற்றமை வரும். எழுதியவனும் சாட்சிகளும் பெயரோடு வருவர். இருவரையும் கூட்டிவைத்தவன் மட்டும் நான் படித்தவற்றில் இல்லை. அவனை அரசு அறியாமலில்லை. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்து விகாரத்திற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டில், வரிகளின் நீண்ட வரிசையில் 'தரகு' என்பதும் உண்டு. அது சந்தைத் தரகாகவே இருந்திருக்கலாம். எப்படியாயினும் அத்தொழில் வரிக்கணக்கில் ஏறியது, விலையாவணத்தில் ஏறவில்லை.

ஆங்கிலேயர் சட்டங்களும் இதை மாற்றவில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருட்டு ஒப்பந்தம் செய்யும் முகவரைப் பொதுவாக அதற்குத் தனிப்படக் கட்டுப்படாதவராக்கியது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைக் காத்தது. ஆவணத்திற்கு முன் நடக்கும் பேச்சை அது கேட்கவில்லை. தமிழகத்தில் பத்திரம் எழுதுபவருக்குக்கூட 1982இல் உரிம விதிகள் வந்துவிட்டன. மனையைக் காட்டுபவருக்கு இல்லை!

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிய 2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தபோதுதான், எத்தனை குடும்பங்கள் வெறும் வாய்ச்சொல்லை நம்பி வாங்கியிருந்தன என்பது வெளிப்பட்டது. அவ்வாண்டே நாடாளுமன்றம் இயற்றிய மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் தரகரை முதன்முறையாகப் பெயர்சொல்லி அழைத்தது. பதிவு பெறாமல் அவர் தொழில் செய்யலாகாது, பதிவாகாத திட்டத்தின் மனையை விற்றுத் தரலாகாது, கணக்கேடு வைக்கவேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லலாகாது, வாங்குபவருக்குரிய ஆவணங்களை முன்பதிவின்போதே கிடைக்கச் செய்யவேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், விலையில் ஐந்து விழுக்காடு வரை தண்டம். 2017 சூனில் தமிழக விதிகள் வந்தன. இங்கே அமைந்த ஒழுங்குமுறைக் குழுமத்தின் எல்லை அந்தமான் வரை நீள்கிறது.

ஆனால் அது நெல்லிக்குப்பத்துத் தேநீர்க்கடை வரை நீளவில்லை. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட புதிய திட்டங்களே பதிவுக்குரியவை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் பழைய மனையும் வயலும் அதற்கு வெளியே. எங்கள் பக்கத்துத் தரகருக்குப் பிழைப்பு பெரும்பாலும் அவற்றில்தான்.

சென்ற ஆண்டு அந்த மனையை விற்க முனைந்தேன். வந்த தரகர் இளைஞர், பணிவானவர். இரண்டு விழுக்காடு பேசிக்கொண்டோம். சாலை இல்லை என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் சார். சாட்சிக்கு ஆள் தேடவேண்டாம், நானே போட்டுவிடுகிறேன்" என்றார்.