பாலக்காட்டு வயலும் வாஷிங்டன் கணக்கும்

எந்த நாடு எவ்வளவு புகை விடுகிறது என்று அவ்வப்போது செய்தியில் ஒரு எண் வரும். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த எண்ணை யார், எங்கே உட்கார்ந்து போட்டார்கள் என்று கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் பழி யார் தலையில் விழும் என்பதற்கு நம் நெல் வயல்களே சாட்சி. முப்பது வருஷத்துக்கு முந்தைய கதைதான். ஆனால் இன்னும் முடிந்தபாடில்லை.

முதலில் அடிப்படை. உமிழ்வுக் கணக்கு என்பது வெறும் பெருக்கல். எவ்வளவு எரித்தோம், எத்தனை ஹெக்டேர் பயிர் செய்தோம் என்பது ஒரு எண். ஒரு டன்னுக்கு அல்லது ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு வாயு வரும் என்பது இரண்டாவது எண். இதற்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். இரண்டையும் பெருக்கினால் விடை. முதல் எண் ஓரளவு அரசுப் புள்ளிவிவரத்தில் கிடைத்துவிடும். இரண்டாவதை யாராவது நேரில் போய் அளக்க வேண்டும். அளக்காத இடத்தில் 'டிஃபால்ட்' ஒன்றைப் போடுவார்கள். ஸ்பிரெட்ஷீட்டோடு பிழைப்பு நடத்தும் என் போன்றவர்களுக்குத் தெரியும், வில்லங்கம் எப்போதும் அந்த டிஃபால்ட் கட்டத்தில்தான் இருக்கும்.

1990ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்களிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் வெளியேறுவதாக மதிப்பிட்டது. அமெரிக்க, ஐரோப்பிய வயல்களில் எடுத்த சொற்ப அளவீடுகளை நம் ஊருக்கும் நீட்டிப் போட்ட கணக்கு அது. நம் நெல் பரப்பு ஏறக்குறைய 4.2 கோடி ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள், ஹெக்டேருக்கு 900 கிலோ வருகிறது!

இதில் என்ன தப்பு? தண்ணீர் தேங்கிய சேற்றில் ஆக்ஸிஜன் இருக்காது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டு அதைக் குழாய் மாதிரி மேலே கடத்துகிறது. வயல் சில நாள் காய்ந்தால் போதும், காற்று மண்ணுக்குள் புகுந்து உற்பத்தி சரிந்துவிடும். இப்போது பாலக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் நெற்களஞ்சியம். ஆனாலும் முதல் போகத்துக்குப் புழுதி விதைப்பு உண்டு. 1955ல் காமராஜர் திறந்துவைத்த மலம்புழா அணையின் வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். சித்தூர்ப் பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை நம்பிய பிழைப்பு, மணக்கடவில் 7.25 டிஎம்சி வந்ததா என்று இரு மாநிலமும் மல்லுக்கட்டும். இப்படிப்பட்ட வயலையும், போகம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் வயலையும் ஒரே காரணியால் பெருக்கினால் எப்படி?

எண்ணுக்குப் பின்னால் அரசியலும் வந்தது. 1990ல் வாஷிங்டனின் உலக வள நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், புவி வெப்பமாதலுக்குக் காரணமான முன்னணி நாடுகளில் இந்தியாவும் இருந்தது. 1991ல் டெல்லியின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் சிறு நூல் ஒன்றில் அதை வெளுத்து வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக விடும் வாயுவும் சொகுசுக்காக விடும் வாயுவும் ஒன்றா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் வாதத்தால் மட்டும் எண் மாறாது. அளந்தால்தான் மாறும்.

அளந்தார்கள். அயனிமண்டல ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஏ.பி. மித்ராவின் முன்முயற்சியில், டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991ல் பல நிறுவனங்களைச் சேர்த்து ஒரு மீத்தேன் அளவீட்டு இயக்கம் நடத்தியது. முறை எளிது. பயிரின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்ப்பது, குறிப்பிட்ட இடைவெளியில் ஊசிக்குழலால் உள்ளே இருக்கும் காற்றை எடுப்பது, ஆய்வகத்தில் சோதிப்பது. சேற்றில் நின்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 95 கிலோ. பழைய எண்ணில் பத்தில் ஒரு பங்குதான்! 2004ல் இந்தியா ஐ.நா.வுக்கு அளித்த முதல் தேசிய அறிக்கையிலும், 1994ம் வருஷத்துக்கு நெல்வயல் மீத்தேன் 40.9 லட்சம் டன் என்றே இருந்தது.

'பார்த்தாயா, நாம் குற்றவாளி இல்லை' என்று இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். டிஃபால்ட் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். மலையேறி இடுக்கிக்குப் போனால் மறுபாதி தெரியும்.

போடிமெட்டைத் தாண்டினால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள். பறித்த பச்சைக் காய் நாலைந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ ஆகும். அதற்கு மணிக்கணக்கில் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்குக் காலங்காலமாக விறகுதான். தேயிலை ஆலைகளின் உலர்த்திக்கும் விறகு உண்டு. தேனிப் பக்கமிருந்து ஜீப்பில் வேலைக்கு வருகிறவர்கள் வீட்டு அடுப்பிலும் விறகு எரிந்தது. 2011 கணக்கெடுப்பில், படித்த மாநிலம் என்று நாம் சொல்லும் கேரளத்திலேயே பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் சமையல் எரிபொருள் விறகுதான். விறகுக்குப் பில் கிடையாது. பில் இல்லாததைக் கணக்கில் ஏற்றுவது கஷ்டம்.

வாளையாறு இன்னொரு உதாரணம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நின்றன. வாகனத்துக்கான உமிழ்வுக் காரணியோ கிலோமீட்டருக்கு இத்தனை கிராம். இன்ஜினை அணைக்காமல் நிற்கும் லாரி பூஜ்யம் கிலோமீட்டர்தானே ஓடுகிறது? ஆக, அந்தப் பெருக்கலில் புகையும் பூஜ்யம்! போதாததற்கு, டீசல் எந்த மாநிலத்தில் மலிவோ அங்கே டேங்க் நிரம்பும். புகை மறு மாநிலத்தில் வரும். பக்கத்திலேயே 1984 முதல் இயங்கும் மலபார் சிமெண்ட்ஸ் மாதிரிப் பெரிய ஆலைக்குக் கணக்கு எழுதுவது இதைவிட எத்தனையோ சுலபம். புகைபோக்கி ஓரிடத்தில் நிற்கிறது, நிலக்கரிக்கு ரசீதும் இருக்கிறது.

2017ல் ஐஐடி பம்பாயின் சந்திரா வெங்கட்ராமன் தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து கோலெஸ் என்ற திட்டத்தில் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. அடுப்பு, செங்கல் சூளை என்று சிதறிக் கிடக்கும் மூலங்களை இந்தியாவிலேயே அளப்பது அதன் முக்கியப் பகுதி. 2019 ஜனவரியில் அறிவித்த தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் தேசிய உமிழ்வுக் கணக்கேடு ஒரு பணியாக இடம்பெற்றது. 1991ல் வயலில் செய்ததைத்தான் ஒவ்வொரு அடுப்புக்கும் ஸ்டோருக்கும் செய்தாக வேண்டும்.

அன்று அளக்காததால், செய்யாத குற்றம் விவசாயி மேல் விழுந்தது. ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர் விஷயம் நேர்மாறு. அங்கே அளக்காவிட்டால், அவர் சுவாசிக்கும் புகை காகிதத்தில் இருக்காது. காகிதத்தில் இல்லாத புகைக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது.