வடிவமும் செயலும்: இதய நோயறிதலில் கலப்புப் படிமவியலின் வளர்ச்சி

நெஞ்சுவலியோடு வருபவரிடம் மருத்துவர் இரண்டு செய்திகளைத் தேடுகிறார். கரோனரி தமனிகளில் அடைப்பு இருக்கிறதா என்பது ஒன்று. அந்த அடைப்பால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்பது மற்றொன்று. முதலாவது வடிவம் பற்றியது. இரண்டாவது செயல் பற்றியது. வெவ்வேறு கருவிகளும் வெவ்வேறு துறைகளும் தனித்தனியே விடை தேடிவந்த இவ்விரு கேள்விகளும் ஒரே படுக்கையில் சந்தித்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியதால் மட்டும் நோயறிதல் கூர்மையடையவில்லை. ஒன்றின் துணையின்றி மற்றொன்றுக்குப் பொருள் கிடைக்காத இடங்களில்தான் இணைப்பு தன் மதிப்பை நிறுவியது என்பதே இதன் முடிபு.

தனித்தனிப் பாதைகள்

1920-களின் நடுவில் பாஸ்டனில் ஹெர்மன் புளும்கார்ட் ஒரு கையின் சிரையில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது மறு கையை எட்டும் நேரத்தை அளந்தார். 1950-களின் இறுதியில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமரா, உடலுக்குள் அப்பொருள் பரவியிருக்கும் விதத்தைப் படமாக்கியது. 1973-இல் பாரி சாரெட், வில்லியம் ஸ்ட்ராஸ் இருவரும் பொட்டாசியம்-43 கொண்டு, உடற்பயிற்சியின்போது ரத்தம் குன்றும் தசைப் பகுதியைக் காட்டினர். அடுத்து வந்த தாலியம்-201, டெக்னீசியம்-99எம் ஆகியவை இச்சோதனையை அன்றாட மருத்துவத்துக்குக் கொண்டுவந்தன.

வடிவத்தின் பாதை வேறு. 1958-இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் சோதனை செய்துகொண்டிருந்தபோது, வடிகுழாய் எதிர்பாராமல் வலது கரோனரி தமனிக்குள் நழுவ, சாயம் நேராக அதற்குள் பாய்ந்தது. நோயாளி உயிர்பிழைத்தார், கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்தது. 1971-இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. ஓயாமல் துடிக்கும் இதயத்தின் மெல்லிய தமனிகளை அது தெளிவாகக் காட்ட மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2004 வாக்கில் வந்த 64 வரிசைக் கருவிகளே அதைச் சாத்தியமாக்கின.

இரு பாதைகளும் ஏன் சந்திக்க வேண்டும் என்பதை லான்ஸ் கூல்ட் 1974-இல் நாய்களில் செய்த ஆய்வு உணர்த்தியது. தமனியின் விட்டம் 85 விழுக்காடு அளவுக்குக் குறுகும்வரை ஓய்வுநிலை ரத்த ஓட்டம் குறையவில்லை. ஆனால் இதயம் உச்ச அளவு ரத்தத்தைக் கோரும்போது, பாதியளவுச் சுருக்கத்துக்கு முன்பே ஓட்டம் தடுமாறத் தொடங்கியது. ஆக, சுருக்கத்தின் அளவைக் கண்ணால் கண்டு மட்டும் தசையின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

துணைக்கு வந்த சி.டி.

இணைப்பு தொடங்கியதோ வேறொரு தேவையால். இதயத்திலிருந்து புறப்படும் காமா கதிர்களை மார்பகமும் உதரவிதானமும் வழியிலேயே மங்கச் செய்கின்றன. ரத்தம் குறையாத இடமும் படத்தில் குறைந்ததுபோல் தோன்றும். கதிர் எவ்வளவு மெலிந்தது என்று கணக்கிட, உடலின் அடர்த்தி வரைபடம் தேவை. சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் ஹசேகவா 1990-களில் சி.டி. கருவியையும், உடலைச் சுற்றிவந்து முப்பரிமாணப் படம் தரும் காமா கேமராவான ஸ்பெக்ட்டையும் இணைத்து இதற்கு வழிகண்டார். அவரது குழு பன்றிகளின் இதயத்தில் அதைச் சோதித்தது. 1998-இல் டேவிட் டவுன்சென்டும் ரான் நட்டும் வடிவமைத்த, பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுக்கும் பெட் கருவியையும் சி.டி.யையும் இணைத்த பெட்-சி.டி. முன்மாதிரி பிட்ஸ்பர்க்கில் நிறுவப்பட்டது. அதன் முதன்மை இலக்கு புற்றுநோய். இதயம் பிறகுதான் வந்தது.

வந்தபோது இதயத்தின் அசைவே இடையூறாயிற்று. சி.டி. சில நொடிகளில் ஒரு மூச்சுநிலையைப் பதிவுசெய்கிறது. பெட் பல நிமிடங்களின் சராசரியைத் தருகிறது. இரண்டும் சற்றே விலகினாலும், திருத்த வந்த வரைபடமே பிழையைப் புகுத்தும். கூல்டின் குழு 2007-இல் 259 பேரை ஆராய்ந்தபோது, 40 விழுக்காட்டினரின் படங்களில் இத்தகைய போலிக் குறைகள் தெரிந்தன. படங்களைக் கையால் சரிபார்த்துப் பொருத்துவது அதன்பின் கட்டாயக் கடமையானது.

நிறைவும் வரம்பும்

64 வரிசை சி.டி. பரவியதும் துணைக் கருவி தனிச் சாட்சியாக உயர்ந்தது. ஒரே அமர்வில் தமனியின் படமும் தசையின் ரத்த ஓட்டமும் கிடைத்தன. 2010-இல் பின்லாந்தின் டுர்க்கு நகரில் 107 பேரிடம் நடந்த ஆய்வில், கதிரியக்க நீரைக் கொண்ட பெட்டும் சி.டி.யும் இணைந்தபோது துல்லியம் 98 விழுக்காட்டை எட்டியது. எந்தத் தமனி, எந்தத் தசைப் பகுதியை வாட்டுகிறது என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைத்தது.

அந்த நம்பிக்கையை 2017-இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மட்டுப்படுத்தியது. 208 பேரில் பெட் மட்டும் 85 விழுக்காடு துல்லியம் காட்டியது, சி.டி.யுடன் இணைத்தபோதும் 84 விழுக்காடுதான். ஒரு படமே கேள்விக்கு முழு விடை தரும்போது இரண்டாவது படம் கூடுதல் அறிவு தருவதில்லை. கதிர்வீச்சும் செலவும்தான் கூடுகின்றன. முதலில் சி.டி. எடுத்து, ஐயம் எஞ்சினால் மட்டும் பெட் எடுக்கும் படிநிலை முறைக்கான வலுவான நியாயம் இதுவே.

இணைப்பு தவிர்க்க முடியாததாகும் களங்கள் வேறு. 2014-இல் எடின்பரோ ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்த 40 பேருக்குக் கதிரியக்க சோடியம் ஃபுளோரைடு செலுத்தினர். அவர்களில் 37 பேரிடம், மாரடைப்பை உண்டாக்கிய தமனிச் சுவர்ப் படிவே மிகுதியாக ஒளிர்ந்தது. அந்த ஒளிப்புள்ளி எந்தத் தமனியின் எந்த இடம் என்று சொல்ல சி.டி. வேண்டும், பல படிவுகளில் எது தீவிரமாக இருக்கிறது என்று சொல்ல பெட் வேண்டும். இதயத் தசையில் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் படியும் அமிலாய்டு நோயிலும் இதே நிலைதான். எலும்பு ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்து இதயத் தசையில் படிந்திருக்கிறதா, இதய அறைகளின் ரத்தத்தில்தான் மிதக்கிறதா என்பதை ஸ்பெக்ட்-சி.டி. பிரித்துக் காட்டுகிறது. ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் உரியவாறு அமைந்தால், தசைத்துண்டு எடுக்காமலே பல நோயாளிகளுக்கு நோயை உறுதிசெய்ய முடிகிறது. 2010-இல் மனித உடல் முழுவதற்கும் அறிமுகமான பெட்-எம்.ஆர்.ஐ., சார்காய்டு என்னும் அழற்சி நோயில் இதயத் தழும்பையும் நடப்பு அழற்சியையும் ஒருசேரக் காட்டுகிறது.

கருவிகள் இன்னும் நுண்மையாகும். ஆனால் கருவியில் இரண்டு கண்கள் இருப்பதாலேயே நோயாளிக்கு இரண்டு சோதனைகளும் தேவை என்றாகிவிடாது. எந்த நோயாளியிடம் எந்தக் கேள்வி எஞ்சி நிற்கிறது என்று முதலில் தெளிந்து, அதற்கேற்பப் படத்தைத் தேர்வதே இத்துறையின் நூறாண்டு அனுபவம் மருத்துவருக்கு உணர்த்தும் நெறி.