இன்னிக்கு ராத்திரி எங்க தங்குறது? ஒரு மலை ரோட்டின் வரலாறு

இந்த எபிசோடுல ஒரு ரோட்டோட கதை. நீளம் 105 மைல், நம்ம கணக்குல சுமார் 169 கிலோமீட்டர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலையின் முதுகு மேலேயே போகும் ரோடு இது. பேர் ஸ்கைலைன் டிரைவ். ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள்ள ஓடுது.

அக்டோபர் வந்தா இங்க ஆர்.வி. வண்டிங்க கூட்டம் கூட்டமா வரும். ஆர்.வி.ன்னா படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்குற வண்டி. சக்கரம் வெச்ச வீடுன்னு வெச்சுக்கங்க. இலை சிவந்து உதிர்ற காட்சியைப் பார்க்க ஒரு கேம்ப்கிரவுண்டில் ரெண்டு நாள், அப்புறம் அடுத்ததுல ரெண்டு நாள். அப்படி இடம் மாறுற நாளுக்கு 'டிராவல் டே'ன்னு பேர்.

வாங்க, நாமளும் ஒரு டிராவல் டே போவோம். வடக்கே 22-வது மைலில் மேத்யூஸ் ஆர்ம் கேம்ப்கிரவுண்ட். தெற்கே 79-வது மைல் தாண்டி லாஃப்ட் மவுண்டன். நடுவில் சுமார் 57 மைல். வேக வரம்பு மணிக்கு 35 மைல்தான், அதனால அவசரம் இல்லை. மூணே இடத்துல நிறுத்துவோம்.

முதல் நிறுத்தம், 32-வது மைல். மேரிஸ் ராக் சுரங்கப்பாதை. 1932-இல் பாறையைக் குடைந்து போட்டது. உயரம் 12 அடி 8 அங்குலம். இன்றைய பெரிய ஆர்.வி.க்களில் கூரை மேல ஏ.சி. இருக்கும். அதையும் சேர்த்து வண்டி எவ்வளவு உயரம்னு அளந்து பார்க்காம உள்ளே நுழைய முடியாது.

1930-களில் இந்த ரோட்டைத் திட்டமிட்டவர்கள் மனசில் இருந்தது சின்னக் கார். வாஷிங்டன் மாதிரி நகரங்களில் இருந்து குடும்பத்தோட மலைக்காற்று வாங்க வர்றவங்க. ஒரு ரோடு போடும்போது யாரை மனசில் வெச்சுப் போடுறாங்கங்கிறது முக்கியம். உயரத்தை அளந்து போர்டு வெச்சிடலாம். ஆனா யார் வரலாம், யார் வரக்கூடாதுங்கிற கணக்கும் அதே மனசுலதான் இருக்கு. அடுத்த ரெண்டு நிறுத்தமும் அதைப் பத்தித்தான்.

ரெண்டாவது நிறுத்தம், 51-வது மைல். பிக் மெடோஸ், பெரிய புல்வெளி. 1936 ஜூலை 3 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இங்க வந்துதான் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது பொருளாதார மந்தக் காலம். வேலை இல்லாத இளைஞர்களுக்காக 1933-இல் தொடங்கின சி.சி.சி. படை இங்க முகாம் போட்டு மரம் நட்டது, சரிவுகளைச் சீராக்கியது, ரோட்டோரச் சுவர்களைக் கட்டியது. மாசச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும்.

ஆனா இந்த மலை அப்போ காலியா இல்லை. இன்னிக்கு நாம ரசிக்கிற காட்டில் நிறைய இடம் அன்னிக்கு வயல், ஆப்பிள் தோட்டம், மேய்ச்சல் நிலம். இலையுதிர் காலம்னா இங்க இருந்தவங்களுக்குக் கையில் காசு வர்ற காலம். ஆப்பிள் பறிக்கணும், செஸ்ட்நட் கொட்டை பொறுக்கி விற்கணும். அந்தச் செஸ்ட்நட் மரங்களையும் ஒரு பூஞ்சை நோய் அழிச்சுக்கிட்டே வந்தது.

இந்த நிலைமையில்தான் 1928-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டு, பூங்காவுக்காக நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. ஒரு நில உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1935-இல் தோற்றார். சுமார் 500 குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. பட்டா இருந்தவங்களுக்கு நிலத்துக்கான பணம் கிடைத்தது. குத்தகைக்கு இருந்தவங்களுக்கு அதுவும் இல்லை. வயசான சிலரை மட்டும் கடைசிக் காலம் வரை இருக்க விட்டார்கள். காலியான வீடுகள் பலவற்றைப் பிரித்துப் போட்டார்கள், சிலவற்றைக் கொளுத்தினார்கள். அப்புறம் வயல் மேல காடு வளர்ந்தது. அக்டோபரில் சிவக்கிறதில் அந்தக் காடும் உண்டு.

மூணாவது நிறுத்தம், 57-வது மைல். லூயிஸ் மவுண்டன். பூங்காவிலேயே சின்ன கேம்ப்கிரவுண்ட் இது. 1939-இல் திறந்தபோது இது கறுப்பின மக்களுக்கு மட்டுமான இடம். காபி ஷாப், தங்கும் குடில், கேம்ப்கிரவுண்ட் எல்லாம் 'நீக்ரோ பகுதி'ன்னு ரோட்டோரத்தில் அரசு போர்டே வெச்சிருந்தது.

யோசிச்சுப் பாருங்க. தேசியப் பூங்கா மத்திய அரசோடது. ரோட்டில் யார் வேணா கார் ஓட்டலாம். ஆனா சாப்பிடணும், தூங்கணும்னு வந்தா, வர்ஜீனியாவின் ஊர் வழக்கம்தான் சட்டம். ஊரோட ஒத்துப் போயிடலாம்னு அரசும் இருந்துவிட்டது.

பயணம்னாலே அன்னிக்குக் கறுப்பின குடும்பங்களுக்கு முதல் கேள்வி 'இன்னிக்கு ராத்திரி எங்க தங்குறது?' நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் 'கிரீன் புக்' வெளியிட ஆரம்பிச்சதே அதுக்குத்தான். எந்த ஊரில் எந்த விடுதி உள்ளே விடும், எந்த ஹோட்டலில் சோறு கிடைக்கும்னு சொல்ற கையேடு.

லூயிஸ் மவுண்டனுக்கு வந்த குடும்பங்களில் பலருக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சும் இருந்தது. அதனால பிரிவினை நியாயமாகிவிடாது. அவமானத்துக்குன்னு ஒதுக்கின மூலையிலும் மனுஷங்க சந்தோஷத்தை உண்டாக்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான். உள்துறை அமைச்சகத்தில் ஆலோசகராக இருந்த வில்லியம் டிரென்ட் போன்றவர்கள் உள்ளே இருந்தே அழுத்தம் கொடுத்தார்கள். 1945-இல் தேசியப் பூங்காக்களில் பிரிவினையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஷெனண்டோவாவில் அது முழுசா அமலுக்கு வர 1950 ஆகிவிட்டது. உத்தரவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் அத்தனை வருஷம்.

இன்னும் 22 மைல் போனா லாஃப்ட் மவுண்டன். வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை நிறுத்தி அடுப்பைப் பற்ற வைக்கலாம். வழியில லூயிஸ் மவுண்டன் பிடிச்சுப்போய், இடமும் இருந்தா, அங்கேயே தங்கிடலாம். உங்க தோல் நிறத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. சாதாரண விஷயமாத்தான் தெரியும். இந்த மலையில் அது சாதாரணமாகி இன்னும் ஒரு நூற்றாண்டு ஆகலை.