கவின் யாருடையது?

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை ஆண் முதலாளிகளின் வெற்றிக் கதையாகவே படித்துவந்திருக்கிறோம். வாங்கிய பெண்களின் பக்கம் நின்றும் படிக்கலாம்.

கடலூர் சின்னி கிருஷ்ணன், பாட்டிலில் விற்ற பொருளைச் சிறு பாக்கெட்டில் அடைத்தால் கூலிவேலை செய்பவர்களும் வாங்குவார்கள் என்று நம்பியவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கி, தந்தையின் பெயரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பூ என்று வைத்தார். எதிரே இருந்தது பன்னாட்டு நிறுவனமான யூனிலீவரின் இந்துஸ்தான் லீவர். காலி பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதியது இலவசம் என்று சிக் அறிவித்தது. பிறகு 50 காசுக்கும் பாக்கெட் வந்தது. பெரிய நிறுவனம் கணக்கிலேயே எடுக்காத கிராமத்துக் கடைதான் சிறிய நிறுவனத்தின் பலமானது.

தனக்கென்று ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ள முடியாத பெண், கையிலிருந்த சில்லறையில், வீட்டில் யாரிடமும் கேட்காமல் வாங்கினாள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

1998-இல் அந்த நிறுவனம் 'கெவின்கேர்' என்று பெயர் மாறியது. கவின் என்றால் அழகு. அதே ஆண்டு, குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று சொல்லி 'ஃபேர்எவர்' சிவப்பழகு க்ரீமைக் கொண்டுவந்தது. 1975 முதல் இந்தியாவில் விற்றுவந்த லீவரின் 'ஃபேர் அண்ட் லவ்லி'க்கு அது நேரடிப் போட்டி.

நம்மூர் நிறுவனம் பன்னாட்டு நிறுவனத்தோடு மோதியது விலையில், மூலப்பொருளில், விளம்பரத்தில். கறுப்பு ஒரு குறை என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லிப் போன வீடுகளில்தான் இரண்டு டியூப்களும் விற்றன. என் அலமாரியிலும் ஒன்று இருந்தது.

அந்தக் கருத்தை எதிர்த்தவர்கள் பெண்கள். சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் 2009-இல் 'கறுப்பு அழகு' என்ற பொருள்பட ஓர் இயக்கம் தொடங்கினார். 2020-இல், உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது, 'ஃபேர்' என்ற சொல்லை லீவர் கைவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆக்கியது. பெயர்தான் மாறியது, க்ரீம் கடையில் இருக்கிறது.

உள்ளூர் நிறுவனம் ஜெயித்தால் நாமும் ஜெயித்தோமா? வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு மாணவி சொன்னாள்: "பாக்கெட் நமக்காக வந்துச்சு மேடம். க்ரீம் நம்மள பார்க்க வர்றவங்களுக்காக வந்துச்சு."