மிஸ்வாக்கும் ரஃபியுத்தீன் அகமதும்

எளாவூர்ச் சோதனைச் சாவடியைக் கடக்கும் நெடுஞ்சாலை கொல்கத்தாவை நோக்கிச் செல்கிறது. அந்நகரில்தான் 1920இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது நிறுவினார். அவர் யாரென்று நம் மாணவர்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். பற்பசைகளின் பெயர்களை மட்டும் மளமளவென்று அடுக்குகிறார்கள்.

கிழக்கு வங்கத்தில் பிறந்து அலிகரில் பயின்ற அவர், 1915இல் அமெரிக்காவின் அயோவாவில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில், சிறுவர்களுக்கென்றே அமைந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றினார். பல்லைப் பிடுங்குவதினும் அதைப் பேணக் கற்பித்தலே மேல் என்னும் எண்ணம் அந்நாட்டில் வேரூன்றிய காலம் அது. பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1913இல் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பள்ளிச் சிறார்க்குப் பல் துலக்கக் கற்பிக்க அவர்களை அனுப்பினார். ஃபோர்சைத்திலும் 1916இல் அத்தகைய பயிற்சிப் பள்ளி தோன்றிற்று.

1919இல் தாயகம் திரும்பிய அகமது, ஒரு சோடா, ஐஸ்கிரீம் கடையின் வருவாயைக் கொண்டு தம் கல்லூரியை நடத்தினார். இனிப்பு விற்ற காசு பற்களைக் காக்கப் பயன்பட்டது! 1949இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை வலியுறுத்தியதை நாம் அறிவோம். அதன் முறையையும் நம் முன்னோர் எழுதிவைத்தனர். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ, ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், குறுக்குவாட்டில் துலக்குவதே விரும்பத்தக்கது என்கிறார், நெடுக்குவாட்டில் துலக்கினால் ஈறில் குருதி கசியும் என்பது அவர் காட்டும் காரணம். அழுத்திக் குறுக்கே தேய்த்தால் பல்லின் கழுத்து தேயும் என்பர் இன்றைய மருத்துவர். முறை மாறலாம், ஈறைக் காக்கும் கவலை ஒன்றே. 1948இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் விளக்கிய முறையும், மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் 45 பாகைச் சாய்வில் வைத்து இலேசாக அசைக்கச் சொல்கிறது.

பல்லிடுக்கைத் துப்புரவாக்கும் தக்லீலையும் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. அதே வேலைக்கு மெழுகிட்ட பட்டு நூலை 1819இல் பரிந்துரைத்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் லெவி பார்ம்லி.

நம் வகுப்பிலோ, உளூவில் கைகால் கழுவுவதைச் செய்து காட்டுகிறோம். மிஸ்வாக்குக்கு மட்டும் சிறப்பை ஓதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முன்பற்களை மூன்று முறை தேய்த்தவுடன் எழுந்துவிட்ட மாணவர் ஒருவரைக் கடைவாயைத் திறந்து காட்டச் சொன்னபோதுதான் இது நமக்கே உறைத்தது. இப்போது அப்பாடத்திற்குக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துச் செல்கிறோம்.