சாவு மேளத்தோடு வந்தவன்

மாத்தளைத் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்டால் யாரும் காரணம் விசாரிப்பதில்லை. அந்தக் காலத்தில் காலைப் பெரட்டுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி. எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ லயத்து வாசலில் நின்றே விஷயம் புரிந்துவிடும். அப்படிப் பழகிய காதுக்கு, டிவியில் மல்லர் அண்டர்டேக்கர் வரும்போது ஒலித்த இசை என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சாவு மெட்டு பிறந்தது பியானோவில். போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஷோப்பான் 1830களின் பின்பாதியில் எழுதியது. 1849இல் அவருடைய இறுதிச் சடங்கிலேயே அதை வாத்தியக் குழு வாசித்தது. பிறகு ராணுவ பாண்டுகளின் கைக்குப் போய், அமெரிக்காவின் கென்னடி, சோவியத்தின் பிரெஷ்னெவ் என்று எதிரெதிர் முகாம்காரர்கள் இருவரையும் வழியனுப்பியது.

1990 நவம்பர் 22இல் ஹார்ட்ஃபர்ட் நகரில் அண்டர்டேக்கராக முதன்முதலில் திரையில் தோன்றினார் மார்க் காலவே. ஜிம் ஜான்ஸ்டன் அந்த மெட்டோடு ஆர்கனையும் மணியோசையையும் சேர்த்து அவருக்கான இசையை அமைத்தார். மணி ஒருமுறை அடித்தால் போதும், விளக்கு அணையும், எதிராளிக்குப் பாதித் தோல்வி அங்கேயே.

மீதியைப் பார்த்துக்கொண்டவர் மேனேஜர் பால் பேரர். மாவு பூசிய முகம், கையில் அஸ்திக் கலசம், கீச்சுக் குரல். நிஜ வாழ்க்கையிலும் அவர் பிரேதங்களைப் பதப்படுத்த உரிமம் பெற்றவர்! பேச்சையெல்லாம் அவர் ஏற்றதால்தான் அண்டர்டேக்கரால் வாய் திறக்காமல் மிரட்ட முடிந்தது. அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் அடியும் இசைக்கு ஏற்றதுதான்: எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, முழங்காலிட்டு இறக்கி, பிறகு அவன் கைகளைப் பிணத்துக்குச் செய்வதுபோல் மார்பில் மடித்து வைப்பது.

2000இல் இதையெல்லாம் விட்டுவிட்டு, கிட் ராக் பாட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்படி வர யாராலும் முடியும். 2004இல் மணியும் பேரரும் திரும்பினார்கள்.

2020 நவம்பர் 22, விடைபெறும் இரவு. கொரோனாவால் அரங்கில் ரசிகர்கள் இல்லை, திரைகளில் முகங்கள் மட்டும். 2013இல் இறந்த பேரர் ஒளியுருவமாக வந்தார். இறந்த மல்லர்களுக்கு அடிக்கும் பத்து மணியை காலவே உயிரோடு கேட்டார். 2022இல் டாலஸில் அவரை மல்யுத்தக் கௌரவ மண்டபத்தில் சேர்த்தபோது மைக் அவர் கைக்கே வந்தது. முப்பது வருஷப் பேச்சும் பாக்கி இருந்ததுபோல, லேசில் நிறுத்தவில்லை.